தவணைக்கு வழி தெரியும், எச்சரிக்கைக்குத் தெரியாதா?

விற்ற சாமானை விற்றவனே திரும்பக் கேட்கும் காலம் இது. காற்றாடி, இஸ்திரிப் பெட்டி, மின்சாரச் சோற்றுப் பானை, துணி துவைக்கும் இயந்திரம் எதுவாயினும் சரி, விற்பனையான பிறகு அதில் தீப்பிடிக்கும் குற்றமோ மின்சாரம் தாக்கும் குற்றமோ இருப்பது தெரியவந்தால், "அதை உபயோகிக்க வேண்டாம், பழுது பார்த்துத் தருகிறோம், அல்லது வேறு தருகிறோம், அல்லது பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று கம்பெனி அறிவிக்கிறது. சாமானைத் திரும்பப் பெறுதல் என்று இதற்குப் பெயர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது?

பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. இல்லாவிட்டால் மலாயில் வருகிறது. பத்திரிகையின் ஒரு மூலையில் ஒரு நாள் கிடந்துவிட்டு மறுநாள் மீன் மடிக்கப் போய்விடுகிறது. மற்றபடி கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடிக்கொள் என்கிறார்கள். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைக்கிற தாய், எந்தக் கம்பெனி எந்த நம்பர் சாமானைத் திரும்பக் கேட்கிறது என்று தினம் தேடிக்கொண்டா இருப்பாள்? தாய் இருக்கட்டும். இரண்டு மூன்று பாஷை படித்த கிராணிமாரைக் கேட்கிறோம்: உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியின் மாடல் நம்பர் உங்களுக்குத் தெரியுமா?

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் வீடுகளில் இருக்கிற சாமான்களில் பாதி நாம் கடையில் போய் வாங்கியவை அல்ல. கிள்ளானில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்குக் கொண்டுவந்தது ஒன்று. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் அக்காள் புதிது வாங்கியதும் தள்ளிவிட்ட பழையது ஒன்று. மாற்றலாகிப் போன கண்டக்டர் வீட்டில் விலை பேசி எடுத்தது ஒன்று. கடையில் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓரிடம். சாமான் இருப்பது வேறிடம். அறிவிப்பு ஒருவேளை சரியாகவே வந்தாலும் அது அக்காள் வீட்டுக் கதவைத் தட்டுமே தவிர லயத்துக் கதவைத் தட்டாது.

தோட்டத்தை விட்டுப் போனவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். கோலாலம்பூரைச் சுற்றியும் கிள்ளானைச் சுற்றியும் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகிப் போயின. அங்கே மரம் வெட்டிய குடும்பங்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. லயத்தில் தீப்பிடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடலாம். பத்தாவது மாடியில் வாசல் எங்கே இருக்கிறது? லண்டனில் கிரென்ஃபெல் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் 2017 ஜூன் 14-இல் எரிந்து 72 பேர் மாண்டார்கள். நாலாவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறை ஐஸ் பெட்டியில் பிடித்த தீ அது. தீ அப்படிப் பரவியதற்குக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் போர்த்திய தகடுகளே காரணம். அந்த ஐஸ் பெட்டி திரும்பப் பெறும் பட்டியலில் இருந்ததும் அல்ல. ஆனாலும் ஒரு வீட்டுச் சாமானில் பிடிக்கும் தீ அந்த ஒரு வீட்டோடு நிற்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அறிவிப்பை வீடுவீடாகச் சேர்ப்பது நடக்காத காரியம் என்று கம்பெனிகள் சொல்லலாம். நடந்திருக்கிறது. நமக்குப் பழக்கமான ஒரு கம்பெனியே அதைச் செய்திருக்கிறது.

இன்று ஷா ஆலாம் பெரிய நகரம். அது சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம் என்பதைப் பழைய ஆட்கள் அறிவார்கள். 1965-இல் ஜப்பானின் மாட்சுஷித்தா கம்பெனி இந்நாட்டில் தொழில் தொடங்கி ஷா ஆலாமில் தொழிற்சாலை நடத்தியது. 'நேஷனல்' மார்க் காற்றாடி என்றால் தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். பின்னாளில் அதே கம்பெனி பானசோனிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்தக் கம்பெனி தன் சொந்த நாட்டில் 1985 முதல் 1992 வரை மண்ணெண்ணெயில் எரியும் ஒருவகைக் கணப்பு இயந்திரத்தைச் செய்து விற்றது. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கு. அதனுள்ளே காற்றைக் கொண்டுபோகும் குழாய் ரப்பரால் ஆனது. வருஷங்கள் ஓட ஓட அந்த ரப்பர் வெடித்துப் பிளந்தது. ரப்பர் பழசானால் வெடிக்கும் என்பதை நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குழாய் பிளந்ததும் போதிய காற்று இல்லாமல் எண்ணெய் அரைகுறையாக எரிந்தது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அறைக்குள் கசிந்தது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கணப்பருகே இருந்தவர்களின் உயிர் போயிற்று.

2005 ஏப்ரலில் கம்பெனி ஏறக்குறைய ஒன்றரை லட்சம் இயந்திரங்களைத் திரும்பக் கேட்டது. இலவசமாகப் பழுது பார்ப்பதாக அறிவித்தது. ஆனால் விற்று இருபது வருஷம் ஆகிவிட்ட சாமான், யார் வீட்டில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அறிவிப்பு வெளியாகி ஏழு மாதம் ஆன பின், நவம்பரில், மறுபடியும் ஓர் உயிர் போயிற்று. அரசாங்கம் அவசர உத்தரவு போட்டது. டிசம்பரில், பழுது பார்த்துக் கொடுத்த இயந்திரம் ஒன்றிலேயே புதிதாக மாட்டிய குழாய் கழன்று விபத்து நேர்ந்தது. அதன் பிறகுதான் கம்பெனி விழித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த தன் விளம்பரங்களை நிறுத்தி, அந்த நேரத்தில் எச்சரிக்கையை ஓடவிட்டது. இயந்திரம் ஒன்றுக்கு 50,000 யென் கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியது. 2006-இல் ஜப்பானில் உள்ள எல்லா வீடுகளுக்கும், சுமார் 6 கோடி வீடுகளுக்கு, அஞ்சலட்டை அனுப்பியது. ஒன்றரை லட்சம் இயந்திரத்தைத் தேடி 6 கோடி அட்டை!

இதைக் கம்பெனியின் பெருமை பாடுவதற்காக நாம் எழுதவில்லை. சாவு விழுந்த பிறகு, அரசாங்கம் குரல்வளையைப் பிடித்த பிறகு வந்த புத்தி அது. ஆனால் ஒரு கம்பெனி மனம் வைத்தால், அல்லது வைக்கச் செய்தால், நாட்டின் கடைசி வீட்டுக் கதவு வரை போக முடியும் என்பது அங்கே ருசுவாகிவிட்டது. இனி யாரும் முடியாது என்று சொல்ல வேண்டாம்.

மனம் வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். வேர்ல்பூல் என்னும் அமெரிக்கக் கம்பெனிக்கு அப்போது அங்கே ஹாட்பாயின்ட், இன்டெசிட் என்று பல மார்க்குகள் இருந்தன. துவைத்த துணியைச் சூட்டில் உலர்த்தும் இயந்திரங்களில், துணியிலிருந்து உதிரும் பஞ்சு சூடான கம்பியின்மேல் விழுந்து பற்றிக்கொள்ளும் குற்றம் இருப்பதாக 2015 நவம்பரில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2004 முதல் 2015 வரை செய்து விற்றவை, 50 லட்சத்துக்கும் மேல். இத்தனை பெரிய விஷயத்துக்குக் கம்பெனி சொன்ன யோசனை என்ன? "ஆள் வந்து பழுது பார்ப்பார், அதுவரை உபயோகித்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதே.

ஆள் எப்போது வருவார்? மாதக்கணக்கில் வரவில்லை. டெலிபோன் செய்தால் காத்திரு என்றார்கள். கடிதம் எழுதினால் அச்சடித்த பதில் வந்தது. காத்திருக்க முடியாதென்றால் கொஞ்சம் பணம் கட்டிப் புதிது எடுத்துக்கொள் என்றார்கள். குற்றமுள்ள சாமானை விற்றவன், அதற்குப் பதில் சாமான் கொடுக்க மறுபடியும் காசு கேட்கிறான்! 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்னுமிடத்தில் ஒரு மாடி வீட்டில், பழுதுக்காகக் காத்திருந்த அந்த இயந்திரம் ஒன்று தீப்பிடித்தது. அணைக்க 120 தீயணைப்பு வீரர்கள் வர வேண்டியதாயிற்று. இயந்திரம் ஓடியபோது வீட்டுக்காரர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் தீ பிடிக்காது என்று யார் சொன்னது? பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று கம்பெனி வாய் திறந்து சொல்ல 2017 பிப்ரவரி வரை ஆயிற்று. முறைப்படி திரும்பப் பெறத் தொடங்கியதோ 2019 ஜூலையில். அப்போதும் 5 லட்சம் வரை பழுது பார்க்கப்படாத இயந்திரங்கள் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் கணக்கிட்டது. நுகர்வோர் சங்கமும் பத்திரிகையும் பாராளுமன்றமும் கேள்வி கேட்கிற இங்கிலாந்திலேயே நாலு வருஷம் ஆகிறதென்றால், நம் நிலைமையை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம்.

தோட்டத்து வீட்டில் பெரிய சாமான் பெரும்பாலும் தவணையில்தான் வருகிறது. நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் என்று ஒன்று உண்டு. அந்த முறையில் எடுத்த சாமான், கடைசித் தவணை கட்டி முடிக்கும் வரை சட்டப்படி நம்முடையது அல்ல, கொடுத்தவனுடையது. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பி, பிறகு சாமானை எடுத்துக்கொண்டு போக அவனுக்கு உரிமை இருக்கிறது. எல்லாத் தவணைக் கடைகளும் இந்தச் சட்டத்தின்படியே நடக்கின்றனவா என்பது வேறு வழக்கு. ஆனால் வசூல் என்று வந்துவிட்டால் யாரும் வழி தவறுவதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், எந்த நம்பர் வீடு, சம்பள நாள் எது, வீட்டுக்காரர் வெட்டுக்குப் போயிருந்தால் பெண்சாதி எப்போது வீட்டில் இருப்பாள் என்பதெல்லாம் மனப்பாடம். மழையிலும் வருவார்கள், செம்மண் சேற்றிலும் வருவார்கள்.

இரண்டு தவணை பாக்கி விழுந்தால் கைக்கு நோட்டீஸ். அதே சாமானில் மின்சாரம் கசிகிறது என்று தெரிந்தால் மட்டும் விலாசம் தெரியவில்லையா? பாக்கிக்காக எடுக்க வரும்போது "சாமான் என்னுடையது" என்கிறவன், அது தீப்பிடிக்கும் சாமான் என்று தெரிந்தபோது "உன்னுடையது, நீயே தூக்கிக்கொண்டு வா" என்பது எந்த ஊர் நியாயம்?

தூக்கிக்கொண்டு போவதுதான் லேசா? தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு வண்டி, அங்கிருந்து கிள்ளானுக்கு ஒரு வண்டி. துவைக்கும் இயந்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. லாரிக்குத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழாது. கடைக்குப் போனால் "இது கம்பெனி விஷயம், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்பார்கள். அங்கே போனால் ரசீது கேட்பார்கள். ரசீது இருந்தால் உத்தரவாத அட்டை கேட்பார்கள். அதுவும் இருந்தால் பாகம் இன்னும் கப்பலில் வருகிறது என்பார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். மறுபடி ஒரு நாள் பேர் போகும். மூன்றாம் தரம் யார் போவார்? பழைய சாமானையே மறுபடி பிளக்கில் சொருகுவார்கள். சோறு வேக வேண்டுமே! ஜனங்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், அறிவிப்புக் கொடுத்தும் வரவில்லை என்று அதன் பிறகு கம்பெனி கணக்குக் காட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்சாரச் சாமான்கள் பலவற்றை எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றே விற்க வேண்டும். பெற்றதற்கு அடையாளமாகச் சிரிம் முத்திரை ஒட்டியிருக்கும். முத்திரையில்லாத மலிவுச் சாமானைச் சந்தையிலோ கைத்தொலைபேசி மூலமோ வாங்கி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆபத்தான ஒரு சாமானை அமைச்சர் தடை செய்யலாம். விற்றவனைத் திரும்பப் பெறச் சொல்லலாம். ஆபத்து இன்னதென்று பொதுமக்களுக்கு வெளிப்படுத்தச் சொல்லலாம். பழுது பார்க்கவோ மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். அதை எந்த விதத்தில், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்றும் அவரே குறிப்பிடலாம்.

அந்த "எந்த விதத்தில்" என்ற இடத்தைத்தான் நாம் விரல் வைத்துக் காட்டுகிறோம். புதுச் சட்டம் வேண்டியதில்லை. உத்தரவு போடும்போது மூன்று நாலு வரி சேர்த்து எழுதினால் போதும். தவணையில் விற்றவன் தன் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு விலாசத்துக்கும் எச்சரிக்கையை நேரில் சேர்க்க வேண்டும். தமிழ் படிக்கிற வீட்டுக்குத் தமிழில் சேர்க்க வேண்டும். பெரிய சாமானானால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போக வேண்டும். பழுது முடிகிறவரை தவணை வாங்கக் கூடாது. மாடல் நம்பர் பொருந்தினால் ரசீது கேட்கக் கூடாது. பழைய சாமானை வைத்திருப்பவனும் மனிதன்தானே, அவனுக்கு மட்டும் மின்சாரம் சலுகை காட்டுமா?

விற்பவனிடம் விலாசம் இருக்கும்போது அவனைச் சொல்லச் செய்வது கடினமல்ல என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. தரமுத்திரை பெறாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்கவிட்டதற்காக அமேசான் கம்பெனிமீது அங்குள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. விற்றது 2,265 குக்கர். வாங்கிய 2,265 பேருக்கும் தெரிவிக்க வேண்டும். குக்கரைத் திரும்பப் பெற வேண்டும். பணத்தைக் கொடுக்க வேண்டும். அதன் மேல் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். நான் செய்த சாமான் அல்ல, நான் இடம் மட்டும்தான் கொடுத்தேன் என்ற பேச்சு அந்த ஆணையத்தின் முன் எடுபடவில்லை. வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விற்கத் தெரிந்தவன் வீட்டு வாசலிலிருந்து எடுத்துப் போகவும் கடமைப்பட்டவன் என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். கிள்ளான் கடைக்காரருக்கும் இதே அளவுகோலைக் கேட்கிறோம். அபராதம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ஒரு லட்சம் ரூபாய் அந்தக் கம்பெனிக்குத் தேத்தண்ணிக் காசு.

உத்தரவு வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குற்றமுள்ள சாமானுக்குப் பணம் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வைக்கவும் விடமாட்டார்கள். எதிரில் கம்பெனி நிர்வாகியும் நம் ஆளும் சமமாக உட்காருகிற இடம் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயம்பட்டதற்கும் உயிர் போனதற்கும் நஷ்டஈடு அங்கே கேட்க முடியாது. அதற்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதே 1999-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றமுள்ள சாமானால் நேரும் தீங்குக்கு அதைச் செய்தவனையும் இறக்குமதி செய்தவனையும் பொறுப்பாக்குகிறது. மனுப் படிவத்தை எழுதிக் கொடுப்பதில் கிராணிமார் கைகொடுக்க வேண்டும். ஒரு மனுவுக்கு அரை மணி நேரம் போதும்.

தனியாக ஒருவர் டெலிபோன் செய்தால் காத்திரு என்பார்கள். ஒரே தோட்டத்தில் ஒரே மாடல் சாமான் வைத்திருக்கிற பதினைந்து வீட்டார் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, அதன் நகலைப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனத்துக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சுக்கும் அனுப்பினால் பதிலின் தொனி மாறும். சம்பள விஷயத்தில் நாம் கற்றுக்கொண்டதுதான் இது; சோற்றுப் பானைக்கும் பொருந்தும்.

கடிதம் எழுத வேண்டுமானால் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஆகையால் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். வீட்டுக்கு ஒரு பக்கம். மின்சாரச் சாமான் ஒவ்வொன்றுக்கும் மார்க், மாடல் நம்பர், சீரியல் நம்பர், வாங்கிய வருஷம், கடை, பழையதானால் யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். நம்பர்கள் சாமானின் முதுகுப் பக்கத்திலோ அடியிலோ ஒட்டிய சிறு தகட்டில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சாமான் ஆறிய பிறகு புரட்டிப் பாருங்கள். செயலாளர் மாதம் ஒரு முறை, படித்த பிள்ளை ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளியான அறிவிப்புகளை இந்த நோட்டோடு ஒத்துப் பார்க்கலாம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களின் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம். புது விலாசத்தை அதன் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். தகட்டில் எழுத்து அழிந்துபோயிருந்தால் கடையின் பெயரையும் வருஷத்தையுமாவது குறித்து வைத்து, ரசீது இருந்தால் அதன் நகலை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.